கோல்ஃப் கிரீனும் காலரும்: அமைக்கப்படும் முறை

கோல்ஃப் (குழிப்பந்தாட்டம்) மைதானத்தில் ஒவ்வொரு குழியையும் சுற்றி, மிகக் குட்டையாக வெட்டப்பட்ட புல் பரப்பு ஒன்று இருக்கும். அதற்குக் கிரீன் என்று பெயர். பந்தைத் தூக்கி அடிக்காமல், தரையோடு உருட்டிக் குழியில் விழச் செய்யும் இடம் இது. கிரீனின் விளிம்பைச் சுற்றி, அதைவிடச் சற்று உயரமான புல்லுடன் ஒரு பட்டை ஓடும். சட்டைக் கழுத்தைச் சுற்றிக் காலர் இருப்பதுபோல் இருப்பதால் இதற்கும் காலர் என்றே பெயர். தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு இரண்டும் வெறும் புல்தரையாகத் தெரியும். உண்மையில் கிரீன் என்பது மண்ணுக்குள் முக்கால் முழத்துக்கும் மேல் ஆழமாகத் தோண்டிக் கட்டப்படும் ஒரு கட்டுமானம். அதை வடிகட்டித் தொட்டி என்று சொன்னாலும் தவறில்லை.

இந்தியாவுக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. கல்கத்தாவில் 1829-இலேயே கோல்ஃப் சங்கம் தொடங்கப்பட்டது. பெங்களூரில் 1876-இலும், கொடைக்கானலில் 1895-இலும் சங்கங்கள் வந்தன. உதகையின் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் ஒரு மைதானம் உண்டு. சென்னையில் நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் சங்கத்தின் மைதானமும், கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்குள் மெட்ராஸ் ஜிம்கானா சங்கத்தின் மைதானமும் பலருக்குத் தெரிந்தவை.

புல் வளர்க்கத் தண்ணீர் இல்லாத ஊர்களில் கிரீனுக்குப் பதிலாகப் 'பிரவுன்' அமைப்பார்கள். மணலில் எண்ணெய் கலந்து, அழுத்திச் சமப்படுத்திய வட்டம் அது. பந்து உருள்வதற்கு முன் காலடித் தடங்களை இழுத்துச் சமன் செய்துகொள்ள வேண்டும். இந்தியாவில் சிறு மைதானங்கள் பலவற்றில் இந்த முறை இருந்தது.

வெறும் மண் ஏன் போதாது?

பழைய காலத்தில் அந்தந்த இடத்து மண்ணையே மேடாகக் கூட்டிப் புல் வளர்த்தார்கள். ஆட்டக்காரர் எண்ணிக்கை குறைவாக இருந்தவரை அது தாங்கியது. ஒரு நாளில் நூறு பேர் ஆடினால் நூறு பேரும் எல்லாக் கிரீன்களின் மீதும் நடந்தாக வேண்டும். களிமண் கலந்த தரை மிதிபட்டு இறுகும். மண் துகள்களுக்கு இடையில் இருக்கும் காற்று வெளியேறிவிடும். மழை பெய்தால் நீர் இறங்காது, வெயில் அடித்தால் தரை ஓடுபோல் வெடிக்கும். காற்று இல்லாத இடத்தில் வேர் அழுகும். நெற்பயிருக்குச் சேற்றில் நிற்கும் அமைப்பு உண்டு, புல்வெளிப் புல்லுக்கு அது இல்லை.

மணலை மிதித்தாலும் அவ்வளவு இறுகாது. ஆனால் மணல் தண்ணீரைத் தக்கவைக்காது என்பது நாம் அறிந்ததே. கோடை காலத்தில் ஆற்று மணலில் ஊற்றிய குடம் தண்ணீர் போன இடம் தெரியாது. மிதித்தால் இறுகக் கூடாது, மழையில் நீர் தேங்கக் கூடாது, வெயிலில் ஒரு நாளாவது ஈரம் நிற்க வேண்டும் என்ற மூன்று தேவைகளையும் ஒரே தளத்தில் நிறைவேற்றுவதுதான் பொறியாளரின் சிக்கல். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1920-இல் புல்வெளிக்கென்று ஒரு தனிப் பிரிவைத் தொடங்கி ஆராய்ந்தது. 1960-இல் கட்டுமான விதிமுறையை வெளியிட்டது. அதன்பின் பலமுறை திருத்தப்பட்டாலும் அடிப்படை மாறவில்லை. இன்று உலகெங்கும் பெரும்பாலும் பின்பற்றப்படுவது அந்த முறையே.

கீழிருந்து மேலாக

முதலில் பள்ளம் தோண்டி அடித்தளத்தை இறுக்குவார்கள். மேலே கிரீன் எப்படி ஏறி இறங்கப் போகிறதோ, அடித்தளமும் அதே மாதிரி ஏறி இறங்க வேண்டும். அடித்தளத்தை மட்டமாக விட்டுவிட்டு மேலே மணலைக் குவித்து வளைவு செய்வது பெரும் பிழை. ஏன் என்பது பின்னால் விளங்கும்.

அடித்தளத்தில் சுமார் 15 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழத்துக்கு வாய்க்கால்கள் வெட்டி, துளையிட்ட 10 செ.மீ. குழாய்களைப் பதிப்பார்கள். நடுவில் ஒரு முதன்மைக் குழாய், அதிலிருந்து இருபுறமும் கிளைகள் என்று இலை நரம்புபோல அமையும். இரண்டு கிளைகளுக்கு இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. 100 மீட்டருக்கு அரை மீட்டராவது சரிவு வேண்டும். கிரீனின் தாழ்ந்த ஓரத்தை ஒட்டி, கீழ்நோக்கி வளைந்த ஒரு குழாயும் செல்லும்.

குழாய்களின் மேல் 10 செ.மீ. கனத்துக்குக் கழுவிய சிறு ஜல்லி பரப்பப்படும். ஜல்லியின் மேல் 30 செ.மீ. மணல் கலவை. இதுதான் வேர் வாழும் படுகை. ஜல்லியும் மணலும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் இடையில் 5 முதல் 10 செ.மீ. வரை பருமணல் அடுக்கு ஒன்று சேர்க்க வேண்டும்.

பொருத்தம் என்பதற்கு இங்கே கணக்கு உண்டு. ஜல்லியின் இடுக்குகளில் மணல் இறங்கிவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஆனால் எல்லா மணல் துகளையும் தடுக்க வேண்டியதில்லை. மணலில் உள்ள பெரிய துகள்கள் சில, ஜல்லியின் சிறிய இடுக்குகளின் வாயில் முட்டிக்கொண்டு நின்றால் போதும், பின்னால் வருவதை அவையே தடுத்துவிடும். கருட சேவையன்று கோபுர வாசலில் நாலு பேர் நெருக்கியடித்து நின்றுவிட்டால் பின்னால் உள்ள கூட்டம் நகராமல் நிற்பதைக் காஞ்சிபுரத்துக்காரர்கள் அறிவார்கள். மணலை எடை வாரியாகச் சலித்து, 85 விழுக்காடு எந்த அளவுக்குக் கீழே இருக்கிறதோ அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஜல்லியில் 15 விழுக்காடு எந்த அளவுக்குக் கீழே இருக்கிறதோ, அது முன்னதைப்போல் 8 மடங்குக்கு மேல் போகக் கூடாது. மணலுக்கு அந்த அளவு 0.8 மி.மீ. என்றால் ஜல்லிக்கு 6.4 மி.மீ. தான் உச்சம்.

தண்ணீர் ஏன் ஜல்லிக்குள் இறங்க மறுக்கிறது?

இந்தக் கட்டுமானத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. மாணவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

அடியில் ஜல்லி போட்டால் நீர் சீக்கிரம் வடியும் என்று எல்லாரும் நினைப்போம். பூந்தொட்டியின் அடியில் ஓட்டுச் சில்லுகளை நிறையப் போடுவதும் அந்த நம்பிக்கையில்தான். நடப்பது நேர்மாறு. மணலின் இடுக்குகள் சிறியவை, ஜல்லியின் இடுக்குகள் பெரியவை. சிறிய இடுக்கு பரப்பு இழுவிசையால் நீரை வலுவாகப் பிடித்துக்கொள்ளும். நுண்புழை ஏற்றம் பாடத்தில், மெல்லிய கண்ணாடிக் குழாயில் நீர் அதிக உயரமும் தடித்த குழாயில் குறைந்த உயரமும் ஏறுவதைப் படித்திருப்பீர்கள். அதே காரணம்தான். வலுவாகப் பிடித்திருக்கும் கையிலிருந்து தளர்வான கைக்கு நீர் தானாகப் போகாது. ஆகவே மணலும் ஜல்லியும் சந்திக்கும் எல்லையில் நீர் நின்றுவிடும். மேலே சேரும் நீரின் எடை, மணலின் பிடியை வெல்லும் வரை காத்திருந்து, அதற்குப் பிறகே ஜல்லிக்குள் சொட்டும். அதாவது அடியில் ஒரு நீர்மட்டம் தொங்கிக்கொண்டிருக்கும்.

வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். பாத்திரம் தேய்க்கும் செவ்வக ஸ்பாஞ்சு ஒன்றை நீரில் நன்றாக ஊறவைத்து, படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும் வரை காத்திருங்கள். பிழியாமல் மெதுவாக அதை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். மறுபடி சொட்டும். ஸ்பாஞ்சு மாறவில்லை, அதிலுள்ள துளைகளும் மாறவில்லை. நீர்த்தம்பத்தின் உயரம் கூடியது, அவ்வளவுதான். சொட்டி முடிந்த பிறகு மேல்பகுதியைத் தொட்டால் காய்ந்தும், அடிப்பகுதி ஈரம் நிறைந்தும் இருக்கும். நான் வகுப்பில் இதைச் செய்து காட்டியபோதெல்லாம், முதலில் நம்பாத மாணவர்களே பிறகு தாங்களும் செய்து பார்த்தார்கள்.

மணலுக்கு 30 செ.மீ. உயரம் கொடுத்ததன் காரணம் இப்போது புரியும். விதிமுறைப்படியான மணலில் அடிப்பகுதியில் நீர் நிறைந்திருக்கும், மேற்பகுதியில் காற்று நிறைந்திருக்கும். வேர் மேலே மூச்சுவிட்டுக் கீழே நீர் குடிக்கும். உயரத்தை 20 செ.மீ. ஆக்கினால் ஈரம் புல்லின் அடிவரை வந்து அழுகல் தொடங்கும். 45 செ.மீ. ஆக்கினால் மேல்பகுதி வறண்டுவிடும். அதனால்தான் அடித்தளமும் மேற்பரப்பும் ஒரே வளைவில் இருக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டுக்கும் இடையே இரண்டரை செ.மீ.க்கு மேல் வேறுபாடு ஏற்பட்டால், ஒரே கிரீனில் ஓரிடம் பச்சையாகவும் ஓரிடம் பழுப்பாகவும் நிற்கும்.

மழை அதிகமானால் இந்த அமைப்பு தாங்குமா? புதிய கலவையின் வழியே மணிக்கு 15 செ.மீ. நீராவது இறங்க வேண்டும் என்பது குறைந்தபட்ச விதி. 2015 டிசம்பர் முதல் நாளை ஒட்டிய பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 49 செ.மீ. பெய்தது. நாள் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் மணிக்கு 2 செ.மீ. தான். கிரீனின் மணல் அதை எளிதாக இறக்கிவிடும். ஆனால் இறங்கிய நீர் குழாய் வழியே எங்காவது போயாக வேண்டும். குழாயின் வாய் வெள்ளத்தில் மூழ்கிவிட்டால் மேலே என்ன கட்டியும் பயனில்லை. கிண்டிப் பந்தயத் திடலின் குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ரத்து செய்து, சுமார் 160 ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொண்டது. பிறகு அங்கே மழைநீர் தேங்கக் குளங்கள் வெட்டப்பட்டன. வேளச்சேரிப் பகுதியின் வெள்ளத்தை நினைத்தால், நகரத்தின் நடுவில் உள்ள திறந்தவெளி நீரை வெளியே தள்ள வேண்டுமா, வாங்கி வைக்க வேண்டுமா என்ற கேள்வி விளையாட்டைவிடப் பெரியது.

எந்த மணல்?

கட்டட வேலைக்கு வரும் மணல் கிரீனுக்கு அப்படியே ஆகாது. எடையில் 60 விழுக்காடாவது கால் மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரையிலான துகளாக இருக்க வேண்டும். வண்டல் 5 விழுக்காட்டையும் களிமண் 3 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. 0.15 மி.மீ.க்குக் கீழ்ப்பட்ட நுண்துகள் எல்லாம் சேர்த்து 10 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். நுண்துகள் கூடினால் இடுக்குகள் அடைபடும், மேலே சொன்ன கணக்கெல்லாம் பொய்யாகும்.

மண்ணில் எவ்வளவு நுண்துகள் இருக்கிறது என்பதைத் தோராயமாக அறிய ஒரு கண்ணாடிப் புட்டி போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி நீர். நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் படியும். சில மணி நேரத்தில் வண்டல் படியும். களிமண் ஒரு நாள் கழித்தும் கலங்கலாக நிற்கும். துல்லியமாக அறியச் சோதனைக்கூடத்துச் சல்லடைத் தொகுப்பு வேண்டும்.

இப்போது ஆற்று மணலின் இடத்தில் எம்-சாண்ட் வந்துவிட்டது. பாறையை உடைக்கும்போது மாவும் சேர்ந்து வரும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி, உடைத்த கல் மணலில் 0.15 மி.மீ.க்குக் கீழ்ப்பட்ட துகளை 20 விழுக்காடு வரை அனுமதிக்கிறது. கிரீனுக்கு அதில் பாதிதான் உச்சம். எனவே எம்-சாண்டை நன்றாகக் கழுவிச் சலிக்காமல் பயன்படுத்த முடியாது. ஒரு நன்மையும் உண்டு: அதன் துகள்கள் கூர்முனையோடு இருப்பதால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தளம் உறுதியாக நிற்கும். உருண்டை மணல் காலடியில் நழுவும்.

அளவையும் கொஞ்சம் பார்ப்போம். 500 சதுர மீட்டர் கிரீன் ஒன்றுக்கு 30 செ.மீ. கனத்தில் 150 கன மீட்டர் மணல் வேண்டும். நம் ஊர்க் கணக்கில் 53 யூனிட், மூன்று யூனிட் ஏற்றும் லாரியில் 18 நடை. பதினெட்டுக் குழிகளுக்கு 950 யூனிட்டுக்கு மேல் ஆகும். நான் இருக்கும் திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்றன. ஆண்டின் பெரும்பகுதி இங்கே மேலே நீர் ஓடாது, மணலுக்குள்தான் இருக்கும். ஆற்றில் வெட்டிய ஊற்றுக்கால்வாய்கள் அந்த நீரைத்தான் வயலுக்குக் கொண்டுபோயின. கிரீனில் முப்பது செ.மீ. மணல் செய்யும் வேலையை ஆறு பல மீட்டர் ஆழத்தில் செய்துவந்தது. மணல் போன இடத்தில் நீரும் போயிற்று. ஆகவே புதிய மைதானத்துக்கு ஆற்று மணல் கேட்பதை நான் ஏற்கமாட்டேன். கழுவிய எம்-சாண்ட் செலவு கூடியதுதான், ஆனால் அதற்கு ஆறு விலை கொடுக்க வேண்டியதில்லை.

வெறும் மணலில் சத்து நிற்காது என்பதால் அளவாகக் கரிமப் பொருள் சேர்ப்பார்கள். குளிர்நாடுகளில் பீட் எனப்படும் சதுப்புநிலக் கரிம மண் சேர்ப்பது வழக்கம். நம் பக்கம் தென்னை நார்க்கழிவு தாராளமாகக் கிடைக்கிறது. அதில் உப்பு இருக்கும், பலமுறை அலசிய பிறகே கலக்க வேண்டும். கலப்பதையும் வெளியே செய்து கொண்டுவந்து கொட்ட வேண்டும். கிரீனில் மணலைப் பரப்பிவிட்டு மேலே கழிவைத் தூவிக் கிளறினால் ஒருபோதும் சீராகக் கலக்காது.

புல்

வெப்ப நாடுகளில் கிரீனில் வளர்வது நம் அருகம்புல்லின் உறவுக்காரப் புல். அருகம்புல்லையும் ஆப்பிரிக்க வகை ஒன்றையும் இணைத்து, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்னும் ஊரிலுள்ள ஆய்வு நிலையத்தில் கலப்பினங்கள் உருவாக்கப்பட்டன. 1956-இல் டிஃப்கிரீன், 1965-இல் டிஃப்ட்வார்ஃப், பின்னர் டிஃப்ஈகிள் என்ற வகைகள் வெளிவந்தன. அருகம்புல்லுக்கு 36 குரோமோசோம்கள், ஆப்பிரிக்க வகைக்கு 18, கலப்பினத்துக்கு 27. மும்மடியம் என்பதால் விதை பிடிக்காது. ஓடுதண்டுகளைத் துண்டாக்கித் தூவி, உருளையால் அழுத்தி, ஒரு நாளில் பலமுறை நீர் தெளித்து வளர்க்க வேண்டும். வெப்பமான பருவத்தில் இரண்டரை, மூன்று மாதங்களில் தரை மூடிவிடும். பிறகு கிட்டத்தட்ட 3 மி.மீ. உயரத்துக்கு நாள்தோறும் வெட்டப்படும். அந்த உயரத்தில் புல்லுக்கு இலை என்று மிஞ்சுவது மிகக் கொஞ்சம், ஆகவே வேரின் நலம் முழுவதும் கீழே உள்ள கட்டுமானத்தைப் பொறுத்தது.

காலர்

காலரின் அகலம் பெரும்பாலும் முக்கால் மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை இருக்கும். புல்லின் உயரம் சுமார் ஒரு செ.மீ. ஆட்ட விதிப்படி காலர் கிரீனைச் சேர்ந்ததல்ல. கிரீனில் கிடக்கும் பந்தின் இடத்தில் அடையாளம் வைத்துவிட்டு, அதை எடுத்துத் துடைக்கலாம். காலரில் கிடந்தால் அப்படிச் செய்ய முடியாது. பந்தின் ஒரு பகுதி கிரீனைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் கிரீனில் இருப்பதாகவே கொள்ளப்படும்.

கட்டுமானத்தில் காலருக்குப் பெயர் சிறிது, தொல்லை பெரிது. கிரீனின் மணல் படுகை வழக்கமாகக் காலரின் அடிவரை நீளும். அதற்கு அப்பால் ஊர் மண். களிமண்ணின் இடுக்குகள் மணலின் இடுக்குகளைவிட மிகச் சிறியவை. ஜல்லியிடம் மணல் என்ன செய்ததோ, அதையே மணலிடம் களிமண் செய்யும், பக்கவாட்டில் நீரை உறிஞ்சிக்கொள்ளும். விளைவு, நடுவில் கிரீன் செழிப்பாக இருக்க, ஓரம் மட்டும் வளையமாகக் காயும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் தெளிப்பார்கள், நடு சொதசொதக்கும். இதைத் தவிர்க்க, கட்டும்போதே மணலுக்கும் ஊர் மண்ணுக்கும் இடையில் தடித்த பிளாஸ்டிக் தாளைச் செங்குத்தாக நிறுத்திவிட வேண்டும். செலவு குறைந்த இந்த ஒரு வேலையை மறந்துவிட்டால் பின்னால் தோண்டித்தான் சரிசெய்ய முடியும்.

இரண்டாவது தொல்லை அருகம்புல். திருமண வாழ்த்தில் அருகுபோல் வேரூன்றச் சொல்கிறோம். கிரீன் பராமரிப்பவருக்கு அதுவே சாபம். மைதானத்தின் சாதாரண அருகு, தரைமேல் ஓடுதண்டாலும் தரைக்குள் மட்டநிலத்தண்டாலும் கலப்பினத்துக்குள் நுழைந்துவிடும். இரண்டும் ஒரே இனத்து உறவு என்பதால் ஒன்றை மட்டும் கொல்லும் களைக்கொல்லி கிடைப்பது அரிது. காலர்தான் எல்லைக்கோடு. விளிம்பை அடிக்கடி தகட்டால் வெட்டி, நுழைந்ததைக் கையால் களைந்துகொண்டே இருக்க வேண்டும். புல்வெட்டும் இயந்திரத்தைக் காலரின் மேலேயே திருப்பினால் அங்கே புல் தேய்ந்து அருகுக்கு வழி திறக்கும், காலரைத் தாண்டிப் போய்த் திருப்புவதே சரி.

மூன்றாவது, மெதுவாக வளரும் அணை. கிரீனைச் சமமாக வைக்க அவ்வப்போது மெல்லிய மணல் தூவி இழுப்பார்கள். இழுவை நிற்கும் இடம் காலர். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மணல் அங்கே சேரும். உயரமான புல் அதைப் பிடித்துக்கொள்ளும். சில ஆண்டுகளில் வரப்பு கட்டியதுபோல் ஓரம் இரண்டு மூன்று செ.மீ. உயர்ந்துவிடும். மேற்பரப்பில் வழிந்து வெளியேற வேண்டிய மழைநீர் இந்த வரப்பில் தடுக்கப்பட்டு, ஓரத்திலேயே நிற்கும். அடியில் எத்தனை குழாய் இருந்தாலும் அங்கே புல் மஞ்சளாகும், வெயில் வந்ததும் நின்ற நீர் சூடேறி வேரை வேகவைக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பலத்த மழை விட்ட அரை மணிக்குள் கிரீனைச் சுற்றி நடந்து, நீர் எங்கே நிற்கிறது என்று சுண்ணாம்புத் தூளால் குறித்தால் போதும். தாழ்ந்த பக்கத்தில் தொடர்ச்சியாகக் குறி விழுந்தால் அது காலர் அணை. புல்லைப் பாய்போல் சுருட்டி எடுத்து, அடியில் சேர்ந்த மணலைச் சுரண்டி நீக்கி, கிரீனின் சரிவு தடையின்றி வெளியே தொடரும்படி மட்டம் பார்த்து, அதே புல்லைத் திரும்ப விரிப்பார்கள். வேர் பிடிக்கும் வரை சில வாரங்கள் அந்தப் பக்கம் இயந்திரம் ஏறாமல் கயிறு கட்டிவைக்க வேண்டும். நம் பகுதியில் இந்த வேலைக்கு ஏற்ற காலம் ஆடி, ஆவணி. ஐப்பசி அடைமழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும்.